வாசகர் கேள்வி பதில்: ஓவியம் பழகும் பிள்ளையின் குணம் மாறுமா?

சென்ற இதழில், "கலைக்கல்விப் பாடவேளையைப் பறிகொடுத்த வகுப்பில் கட்டொழுங்குப் புகார் கூடுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்களும் புலனச் செய்திகளும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் ஓவியமும் கைவினையும் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே என் அனுபவத்தை மட்டும் நம்பாமல், பிறர் அளந்து பார்த்த முடிவுகளையும் கூடியவரை சேர்த்தே விடை எழுதுகிறேன். இடம் கருதிச் சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

என் மகன் நான்காம் ஆண்டில் படிக்கிறான். பிள்ளைகளை அடிக்கிறான், பொருள்களைப் பிடுங்குகிறான் என்று இவ்வாண்டில் மட்டும் மூன்று முறை பள்ளிக்கு அழைத்துவிட்டார்கள். ஓவிய வகுப்பில் சேர்த்தால் அமைதியாகிவிடுவான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சேர்க்கலாமா? உண்மையிலேயே மாறுவானா?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

அம்மா, தாராளமாகச் சேருங்கள். ஆனால் அதற்கு முன், அவன் ஏன் அடிக்கிறான் என்பதை அறிய முயலுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளை, வீட்டில் அடி வாங்கும் பிள்ளை, வகுப்பில் நிறத்துக்காகவோ உடல் பருமனுக்காகவோ கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஆகிய எல்லாருமே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரியான முரடர்களாகத்தான் தெரிவார்கள். காதுக் கோளாற்றுக்கு வண்ணப்பெட்டி மருந்தாகாது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் பேசிவிட்டு, அதோடு கூடவே ஓவிய வகுப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த 10,548 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் கலைக்கல்வி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆகவே வசதியுள்ள பள்ளி, அக்கறையுள்ள பெற்றோர் என்ற வேறுபாடுகள் முடிவைத் திரிக்க இடமில்லாமல் போயிற்று. பிரையன் கிசிடா, டேனியல் போவன் ஆகிய இருவரும் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, கலைக்கல்வி கூடிய பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களின் விகிதம் 3.6 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. பிறர் துன்பத்துக்கு இரங்கும் மனப்பான்மையும் கூடியது. 3.6 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மூன்று அல்லது நான்கு பேர் கட்டொழுங்கு ஆசிரியரின் அறைக்குப் போக நேராமல் தப்பினார்கள் என்று அதற்குப் பொருள். அந்த நால்வரில் உங்கள் மகன் ஒருவனாக இருப்பானா என்பதை எந்த ஆய்வாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நால்வரின் தாய்மாருக்கு அது சிறிய எண்ணாக இருந்திருக்காது.

இந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, வகுப்பறையில் நின்று பார்த்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு கணிப்பு உண்டு. கணக்கில் தவறு செய்யும் பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு கிடைக்கிறது. அத்தோடு அந்தத் தவறு அவன் கையைவிட்டு ஆசிரியர் கைக்குப் போய்விடுகிறது. நீர்வண்ணம் வழிந்து வானத்து நீலம் வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டாலோ, என்ன செய்வது என்பதை அவனேதான் முடிவு செய்ய வேண்டும். துணியால் ஒற்றியெடுக்கலாம், காயும்வரை காத்திருக்கலாம், கூரையையே நீலமாக்கிவிடலாம். கோபக்காரப் பிள்ளைகளிடம் நான் கண்ட குறை இதுதான்: ஏதோ ஒன்று கெட்டுப்போன நொடிக்கும் கை ஓங்கும் நொடிக்கும் இடையில் அவர்களுக்கு மூச்சுவிடும் நேரம்கூட இருப்பதில்லை. அந்த இடைவெளியைக் காகிதத்தின்மீது வாரந்தோறும் அவர்கள் பழகிக்கொள்கிறார்கள்.

ஒரு தீபாவளிக்கு முன், பேரங்காடிகளில் இடுவதைப் போலப் பள்ளி மண்டபத்தில் வண்ண அரிசிக் கோலம் இட்டோம். எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு நிறம். எல்லாரையும் இடித்துத் தள்ளும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு மஞ்சளைக் கொடுத்தேன். மஞ்சள் அந்தக் கோலத்தின் எல்லாப் பக்கமும் வரும். ஆகவே மற்ற ஏழு பேர் நிரப்பிய இடங்களை மிதிக்காமல் குறுக்கும் நெடுக்கும் அவன் போய் வந்தாக வேண்டும். கைகளை விரித்துக்கொண்டு, கால்விரல் நுனியில் அவன் நடந்த நடை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் நாள் ஒரு மாணவியின் பாவாடை நுனி பட்டு அவன் நிரப்பிய இதழ் ஒன்று கலைந்துபோயிற்று. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தது. அவன் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தான். பிறகு உட்கார்ந்து, சிதறிய அரிசியை ஒற்றை விரலால் ஒதுக்கத் தொடங்கினான். அடுத்த வாரமே திடலில் ஒருவனை அடித்துவிட்டான் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. ஆனால் அடித்த கையோடு தானே என்னிடம் வந்து சொன்னான். அது அதற்கு முன் நடந்திராத ஒன்று.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரைப் பாருங்கள், அம்மா. இருபது பிள்ளைகளின் ஓவியங்களும் ஒரே மலை, ஒரே சூரியன், ஒரே தென்னை மரம் என்று இருந்தால், அங்கே ஆசிரியர் வரைய, பிள்ளைகள் பார்த்து வரைகிறார்கள். நான் மேலே சொன்ன எதுவும் அந்த வகுப்பில் நடக்காது.

என் பிள்ளையின் பள்ளியில் கலைக்கல்விப் பாடவேளையில் பெரும்பாலும் கணிதம் நடத்துகிறார்கள். வகுப்பில் சத்தம் கேட்டால் "இன்று ஓவியம் கிடையாது" என்று அதையே தண்டனையாகவும் ஆக்கிவிட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாமா?
— ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பேசுங்கள் ஐயா, பணிவாகவும் உறுதியாகவும் பேசுங்கள். ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் "தேர்வு வருகிறது" என்ற சொல்லுக்கு முன்னால் நாங்கள் வாயடைத்து நின்றோம். அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் நீங்கவில்லை. கலைக்கல்வி கலைத்திட்டத்தில் இடம்பெற்ற பாடம். அதற்கும் வகுப்பறை மதிப்பீடு உண்டு. தேர்ச்சி நிலையைப் பதிவு செய்ய வேண்டிய கடமையும் உண்டு. பாடத்தையே நடத்தாமல் அந்த நிலையை எதை வைத்துப் பதிவு செய்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும்.

தண்டனை பற்றிச் சொல்ல வேண்டியது, அது தவறான பிள்ளையின்மீதே போய் விழுகிறது என்பதுதான். சத்தம் போட்டவன் பெரும்பாலும் உட்கார்ந்து எழுதும் பாடங்களில் தோற்றுக்கொண்டிருப்பவன். வாரத்தில் அவன் தலைநிமிர்ந்து இருக்கும் நேரம் ஒன்றே ஒன்று இருக்குமானால், அதைத்தான் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். நோயாளி இருமினான் என்பதற்காக அவன் மருந்தை நிறுத்துவார் உண்டா?

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "ஓவியம் கற்றால் கணித மதிப்பெண்ணும் ஏறும்" என்ற வாதத்தை எடுக்காதீர்கள். எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் ஆகியோர் 188 ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்து, ஓவியக்கல்வியால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் உயர்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாதத்தில் இறங்கினால், மதிப்பெண் ஏறாத அன்று பாடவேளையும் போய்விடும்.

செராஸ் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் மாணவர்களுக்கு வயது 13, 14. கேலியும் கைகலப்பும் ஓயவில்லை. புறப்பாட நடவடிக்கைக்கு வாரம் ஒரு மணி நேரம் என் கையில் இருக்கிறது. ஓவியம், இசை, நாடகம் ஆகிய மூன்றில் எதைச் செய்தால் மனப்போக்கு மாறும்?
— ஓர் ஆசிரியர், கோலாலம்பூர்

ஐயா, இருப்பது ஒரு மணி நேரம், சிக்கல் கேலியும் கைகலப்பும் என்றால், நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓவியம் கற்பித்தவளாகிய நான் இதைச் சொல்வது என் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனாலும் சான்று அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

டொராண்டோவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம் என்று கற்பித்து, நான்காவது குழுவுக்கு எதுவும் கற்பிக்காமல் விட்டார்கள். கிளென் ஷெலன்பெர்க் 2004இல் வெளியிட்ட இந்த ஆய்வு, இசை கற்ற பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது என்பதற்காகவே உலகெங்கும் பேசப்பட்டது. அதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி உண்டு: பிறரோடு இணங்கிப் பழகும் நடத்தையில் முன்னேறியவர்கள் நாடகக் குழுப் பிள்ளைகள், இசைக் குழுக்களில் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. நாடகக் குழுவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த முடிவின் மதிப்பு இன்னும் கூடுகிறது. தாலியா கோல்ட்ஸ்டைனும் எல்லன் வின்னரும் 2012இல், ஓராண்டு நடிப்புப் பயிற்சி பெற்ற மாணவர்களை வேறு கலைகள் பயின்ற மாணவர்களோடு ஒப்பிட்டபோதும், பிறர் உணர்வைத் தன் உணர்வாக உணரும் தன்மை நடிப்புப் பயின்றவர்களிடமே கூடியிருந்தது.

காரணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. சிற்றுண்டிச் சாலை வரிசையில் ஒருவன் இடையில் புகுந்துவிட்டான் என்ற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அவரவர் விரும்பும் பாத்திரத்தில் நடிக்கட்டும். இரண்டாம் முறை, பாத்திரங்களை மாற்றி அதே காட்சியை நடிக்கச் சொல்லுங்கள். இடித்துத் தள்ளியவன் இப்போது தள்ளப்பட்டவனாக நிற்க வேண்டும். நிற்பது மட்டும் போதாது, அந்த நேரத்தில் அவன் மனம் என்ன சொல்லும் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மன்னிப்புக் கேள்" என்று நூறு முறை சொல்லியும் நுழையாத ஒன்று, அந்த இரண்டு நிமிடத்தில் நுழைவதை நீங்களே காண்பீர்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: உங்கள் வகுப்பில் உண்மையாக நடந்த சண்டையை அப்படியே மேடையேற்றாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் மறுபடி அடிவாங்க வைத்ததாகிவிடும். கற்பனைக் காட்சியே போதுமானது. பிள்ளைகள் தாமாகவே தங்கள் கதையை அதில் கண்டுகொள்வார்கள்.

இசையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரெயு 1975இல் தொடங்கிய இளையோர் இசைக்குழுத் திட்டத்தில், 16 மையங்களில் 2,914 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்த முடிவு 2017இல் வெளியானது. அளந்து பார்த்த எல்லாவற்றிலும் மாற்றம் தெரியவில்லை. ஆனால் மற்றவர்களைவிட ஓராண்டு முன்னதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் தன்னடக்கம் கூடியிருந்தது, வன்முறைச் சூழலில் வளர்ந்த ஆண்பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைந்திருந்தன. உங்கள் மாணவர்களில் சிலர் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் அடிப்பவர்களாக இருக்கக்கூடும். நம் ஊரார் அந்தப் பையன்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைப் பாதையில், கூட்டத்தின் நெருக்கத்திலும் வெயிலிலும், ஒருவன் கை ஓய்ந்தால் அடுத்தவன் தாளத்தைத் தாங்கிக்கொள்ளும் அழகைக் கண்டவர்கள், அவர்களிடம் ஒழுங்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த மாணவர்களை அழைத்து, உங்கள் நாடகத்துக்கு வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரு பருவத்துக்கு ஒரு முறையாவது அவர்களைத் துன் ரசாக் சாலையை ஒட்டிய தேசிய கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் நல்லது. 1958இல் தொடங்கப்பட்ட அந்தக் கலைக்கூடம் உங்கள் பள்ளிக்கு எட்டாத தொலைவில் இல்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், புதிதாகத் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்கு வர விரும்பிய பள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்து, 123 பள்ளிகளின் ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு முறை போய் வந்த மாணவர்களிடமும், மாறுபட்ட கருத்தைப் பொறுத்துக்கொள்ளும் பண்பும், பழங்கால மக்களின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கும் திறனும் கூடியிருந்தன. கிராமப்புறப் பிள்ளைகளிடமும் ஏழைப் பிள்ளைகளிடமும் அந்தப் பயன் இன்னும் பெரிதாக இருந்தது. போகும்போது வினாத்தாள் கொடுத்து அனுப்பாதீர்கள். ஓர் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, "இங்கே என்ன நடக்கிறது? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

என் பேத்திக்கு வயது 10. நான்கு வயதிலிருந்து சுவரெல்லாம் வரைந்து தள்ளியவள், இப்போது "எனக்கு வராது பாட்டி" என்று தாளைக் கிழித்து எறிகிறாள். ஓவியத்தில் மட்டுமல்ல, வேறு எதிலும் முதல் தடவை சரியாக வராவிட்டால் விட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். ஏன் இப்படி ஆனாள்?
— ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இது உங்கள் பேத்திக்கு மட்டும் வந்த குறை என்று எண்ணி வருந்த வேண்டாம். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஒன்பது வயதை ஒட்டி ஒரு திருப்பம் வருவதாக 1947இலேயே எழுதினார். அதற்கு முன் பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது: அம்மா வீட்டைவிடப் பெரியவள், சூரியனுக்குக் கண் உண்டு. அந்த வயதுக்குப் பிறகு, கண்ணில் தெரிவது போலவே தாளிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறது. கண் முந்திக்கொள்கிறது, கை பின்தங்கிவிடுகிறது. ஆகவே அவள் திறமை குறையவில்லை. பார்வை கூர்மையடைந்துவிட்டது, அதனால்தான் தன் ஓவியம் அவளுக்கே பிடிக்காமல் போகிறது. நம்மில் பெரும்பாலோர் "எனக்கு வரையத் தெரியாது" என்று முடிவு கட்டியது அந்த வயதில்தான். சித்திரமும் கைப்பழக்கம் என்ற பழமொழியை வீட்டுக்கு வீடு சொல்கிறோம். ஆனால் பிள்ளை திணறும்போது, "பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது" என்று அதற்கு நேர்மாறாகப் பேசிவிடுகிறோம்.

நீங்கள் கோலம் இடுபவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதையே கையில் எடுங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தால் நடைவழியில் சாக்பீஸ் போதும். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை வைத்து, ஒரு சிறு சிக்குக் கோலம் தொடங்குங்கள். அதில் பார்த்ததைப் போல வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அவளுடைய கூர்மையான கண் குறை சொல்ல வழியில்லை. ஆனால் கம்பி ஓரிடத்தில் தவறினால், முடிவில் தொடங்கிய புள்ளிக்கு வந்து சேராது. எங்கே தவறியது என்று பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். அந்தத் தேடலில் நீங்கள் உதவாதீர்கள், பக்கத்தில் இருந்தால் போதும். முடிந்தால் நீங்களே ஒரு முறை தவறாக இழுத்துவிட்டு, அழித்து, மறுபடி இழுத்துக் காட்டுங்கள். பெரியவர்கள் தவறித் திருத்துவதைப் பிள்ளைகள் மிக அரிதாகவே பார்க்கிறார்கள். நாம் முடித்த வேலையைத்தான் அவர்களுக்குக் காட்டுகிறோம்.

ஒரு மாலை அவளை ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியம் அங்கே இருக்கிறது: சைக்கிளில் போகும் அக்காளும் தம்பியும். பிள்ளைகள் இருவரையும்தான் அவர் வரைந்தார். சைக்கிள் உண்மையான சைக்கிள், சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. படம் எடுத்துக்கொள்ள நிற்கும் கூட்டம் விலகும்வரை காத்திருந்து, வரைந்தது எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தானே வரைந்தாக வேண்டியதில்லை என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய விடுதலை. வீட்டுக்கு வந்ததும் ஒரு காய்ந்த இலையையோ பேருந்துச் சீட்டையோ ஒட்டிவிட்டு, மீதியை வரையச் சொல்லிப் பாருங்கள்.

மகளை வண்ணந்தீட்டும் போட்டிகள் எல்லாவற்றிலும் சேர்க்கிறேன். வீட்டில் பதினைந்து கோப்பைகள் இருக்கின்றன. ஆனால் போட்டி இல்லாத நாளில் அவள் வண்ணத்தைத் தொடுவதே இல்லை. கலை நல்ல மனப்பான்மையைத் தரும் என்கிறீர்களே?
— ஒரு தந்தை, கெப்போங், கோலாலம்பூர்

ஐயா, உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பாலர் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து எழுதுகோல்களை மேசையில் பரப்பிவைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழு மற்றவர்கள் செலவிட்டதில் பாதி அளவு நேரமே வரைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழுவுக்கு ஆர்வம் குறையவில்லை.

ஆகவே கோப்பைகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஆறு மாதம் போட்டிகளை நிறுத்திவையுங்கள். அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் தாள்களுக்குப் பதிலாக வெற்றுத் தாள்களை அவள் கை எட்டும் இடத்தில் வையுங்கள்; வரையச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்காமல் போகலாம். ஏதேனும் வரைந்து கொண்டுவந்தால், "அழகு" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், "இந்த மூலையை ஏன் இருட்டாக விட்டாய்?" என்பது போன்ற ஒரு கேள்வி கேளுங்கள். அப்பா உண்மையாகவே பார்த்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

படிவம் 3இல் படிக்கிறேன். அடுத்த ஆண்டு காட்சிக்கலையைத் தேர்வுப் பாடமாக எடுக்க ஆசை. அப்பா அறிவியலை விட்டால் எதிர்காலம் இல்லை என்கிறார். வரையும்போது மட்டும்தான் என் மனம் அடங்குகிறது. மற்ற நேரம் எல்லார்மீதும் எரிந்து விழுகிறேன். நான் என்ன செய்வது?
— ஒரு மாணவி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

மகளே, அப்பாவின் அச்சத்தைத் தவறாக நினைக்காதே. ஆனால் அவர் படித்த காலத்து அமைப்பு இன்று இல்லை. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிரித்து வைத்த முறை 2020இல் நீக்கப்பட்டு, தேர்வுப் பாடங்களைத் தொகுப்பாக எடுக்கும் முறை வந்துவிட்டது. உன் பள்ளி எந்தெந்தத் தொகுப்புகளை வழங்குகிறது, அறிவியல் பாடங்களோடு காட்சிக்கலையையும் சேர்த்து எடுக்க இடம் உண்டா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள். பள்ளிக்குப் பள்ளி இது மாறும். இடம் இல்லாவிட்டாலும் வரைவதை நிறுத்த வேண்டியதில்லை. பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, நம் நாட்டின் முன்னணி ஓவியர்களில் ஒருவரான சையத் தாஜுடீனின் ஓவியங்களை அப்பாவோடு சேர்ந்து பார். ஓவியத்தையே வாழ்வாக்கிக்கொண்ட ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மனம் அடங்குகிறது என்று நீ எழுதியது கற்பனை இல்லை. கிரிஜா கைமலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் 39 பேர் 45 நிமிடம் விரும்பியபடி வரையவும் களிமண் பிசையவும் செய்தபின், அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கோர்ட்டிசோல் குறைந்திருந்தது. நன்றாக வரைபவர், வரையத் தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆயினும் மற்ற நேரமெல்லாம் எரிந்து விழுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாயே, அதை நான் கடந்துபோக மாட்டேன். தூக்கம் கெட்டிருந்தாலோ, பல வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, அதை ஓவியம் மட்டும் தாங்க முடியாது. ஆலோசக ஆசிரியரிடம் மனம்விட்டுச் சொல். சொற்கள் வராவிட்டால் உன் ஓவியக் குறிப்பேட்டைத் திறந்து காட்டு. பக்கங்களின் மேல் நாளையும் நேரத்தையும் இன்றிலிருந்து எழுதிவை, எந்த நாளில் எப்படி இருந்தாய் என்பது அதிலேயே தெரியும். பாடத் தொகுப்பைப் பற்றிக் கேட்கப் போகும் அன்று அப்பாவையும் கூடவே அழைத்துச் செல்.